தராசுத் தட்டில் ரோபாட்

மாணவர் போட்டிகளில் ரோபாட்டின் எதிரி பாறையோ மணலோ அல்ல, அதன் சொந்த எடை. சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பொறியியல் மாணவர்களுக்கு அந்தப் பாடம் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது.

2023 ஜூலை 13, வியாழக்கிழமை. திருமலை வேங்கடாசலபதி கோயிலுக்கு வந்த கூட்டத்தில் இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் கையில் சந்திரயான்-3 விண்கலத்தின் சிறிய மாதிரி. ஏவுவதற்கு முன் மாதிரியைக் கொண்டுவந்து பெருமாளை வணங்கிவிட்டுப் போவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்ட ஒன்று. மறுநாள் பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.-3 ராக்கெட் கிளம்பியது. ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். அதன் உச்சியில் இருந்த விண்கலம் 3,900 கிலோ. அந்தக் கலத்தின் லேண்டர் வயிற்றுக்குள் அடங்கிக் கிடந்த ஆறு சக்கர வண்டியான பிரக்யானோ வெறும் 26 கிலோ. பத்து வயதுப் பையன் ஒருவனின் எடை.

அதே திருமலையில் துலாபாரமும் உண்டு. குழந்தையைத் தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்து மறு தட்டில் வெல்லமோ, சர்க்கரையோ, நாணயமோ வைக்கிறார்கள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் பெற்றோருக்குப் பெருமை. செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் பொறியியல் மாணவர்கள் தாங்கள் பெற்ற பிள்ளையை ஏற்றி இறக்கும் தராசு வேறு வகை. அங்கே எடை கூடினால் தண்டனை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹாங்ஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகில் செவ்வாய்க் கிரகத்தைப் போன்ற செம்மண் பாலைவனம் இருக்கிறது. 'மார்ஸ் சொசைட்டி' என்ற அமைப்பு 2007இல் இருந்து அங்கே பல்கலைக்கழக மாணவர்களுக்கான ரோவர் போட்டியை நடத்திவருகிறது. மாணவர்களே வடிவமைத்துச் செய்த ரோவர் பாறைமேல் ஏற வேண்டும், பொருள்களை எடுத்துச் சென்று சேர்க்க வேண்டும், மண்ணை ஆராய வேண்டும், ஆள் இல்லாமல் தானே வழி கண்டுபிடிக்க வேண்டும். இந்தியாவிலிருந்தும் குழுக்கள் போகின்றன. சித்தூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் வேலூர் வி.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் அவற்றில் அடக்கம்.

போட்டி விதிகளில் ஒன்று கறாரானது. களத்தில் இறங்கும் ரோவர் 50 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒவ்வொரு கிலோவுக்கும் பெற்ற மதிப்பெண்ணில் 5 சதவிகிதம் போய்விடும். 80 மதிப்பெண் எடுத்த ஒரு குழுவின் ரோவர் 4 கிலோ கூடுதலாக இருந்தால் மிஞ்சுவது 64. ஓர் ஆண்டு தூங்காமல் செய்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தராசு தின்றுவிடுகிறது. அதற்கு முன்பே இன்னொரு தராசு இருக்கிறது: விமான நிலையத்தில். அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணியின் பெட்டிக்கு வழக்கமான வரம்பு 23 கிலோ. ஆகவே ரோவர் கழற்றி மாட்டக்கூடியதாகவும் இருந்தாக வேண்டும். சட்டகத்தை ஒரே துண்டாக வெல்டிங் செய்துவிட்டு, பிறகு அதை எப்படிப் பெட்டிக்குள் நுழைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை.

இப்போது இதற்காகக் கடல் தாண்ட வேண்டியதும் இல்லை. சந்திரயான்-3 வெற்றிக்குப் பிறகு, 2023 இறுதியில், பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் யு.ஆர். ராவ் துணைக்கோள் மையம் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு ரோபாட் போட்டியை அறிவித்தது. சக்கரத்தாலோ காலாலோ நகரும் ரோவரை மாணவர்களே செய்து கொண்டுவர வேண்டும் என்பது 2024 போட்டியின் நிபந்தனை. அடுத்த ஆண்டு அது பறக்கும் கருவிக்கு மாறியது. சக்கரத்தில் பாரத்தை மறந்தவர்கள்கூடப் பறக்கும்போது மறக்க முடியாது.

தொலைக்காட்சி வழியே பிரபலமான 'ரோபோகான்' போட்டி இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஆசிய-பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் 2002இல் டோக்கியோவில் தொடங்கியது அது. 2008இல் பூனாவில் நடந்தபோது ரோபாட்கள் உறியடித்து வெண்ணெய் எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்த ஆட்டத்துக்குச் சூட்டிய பெயர் 'கோவிந்தா'. திருப்பதிக்காரர்கள் காதில் விழுந்திருந்தால் உரிமை கொண்டாடியிருப்பார்கள்.

'எதற்கும் இருக்கட்டும்'

2022 ஏப்ரல் 4 வரை சித்தூரும் திருப்பதியும் ஒரே மாவட்டம். அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமானது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்பேட்டைப் பகுதியும் அதனுடன் சேர்ந்தது. அதனால் ஸ்ரீஹரிகோட்டா இப்போது திருப்பதி மாவட்டத்து ஊர். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போனால் சுமார் 70 கிலோமீட்டர். வழியில் காடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ரேடார் இருக்கிறது. 1,024 ஜோடி ஆன்டெனாக்களை நெல் வயல் மாதிரி வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி 1959இல் தொடங்கியது. ஐ.ஐ.டி. 2015இல் வந்தது. இடையில் முளைத்த தனியார் கல்லூரிகள் ஏராளம். பேருந்துகளில் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் எல்லைப் பகுதி. மாம்பழக் கூழ் ஆலைகள், வெல்ல மண்டிகள், கருங்கல் குவாரிகள், இவற்றுக்கு உதிரி பாகம் செய்தும் பழுது பார்த்தும் பிழைக்கும் லேத் பட்டறைகள். மாணவனின் ரோபாட் பிறப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பட்டறையில்தான்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பட்டறைக்காரர் கை தேர்ந்தவர். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் செய்தது உடையக்கூடாத பொருள்கள். குவாரி லாரிக்கும் கரும்பு ஆலைக்கும் எடை ஒரு பொருட்டல்ல. 3 மில்லிமீட்டர் தகடு போதுமா என்று மாணவன் தயங்கினால், "எதற்கும் இருக்கட்டும், 5 போடு" என்பது நம் ஊர்ப் பட்டறைகளின் பொது வேதம். மாணவனும் தலையாட்டுகிறான். இரண்டாம் ஆண்டில் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் விட்டத்தின் வளைவைக் கணக்குப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன்தான். முதலாண்டு பட்டறை வகுப்பில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி 'வி' வெட்டு வெட்டியவனும் அவனே. கணக்கு நோட்டு ஒரு கட்டடத்தில், அரம் இன்னொரு கட்டடத்தில் என்று பிரித்துவைத்த படிப்பு, இரண்டையும் அவன் மனதில் சேர்த்துவைக்கவில்லை. குற்றம் பட்டறைக்காரருடையது அல்ல.

'எதற்கும் இருக்கட்டும்' என்பதன் விலை என்ன? அரை மீட்டருக்கு அரை மீட்டர், 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றின் எடை கிட்டத்தட்ட 9.8 கிலோ. மோட்டார், சக்கரம், பேட்டரி, கை எதுவும் ஏறுவதற்கு முன்பே 50 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்தது. அதே அளவில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 2 கிலோதான். 2 மில்லிமீட்டர் என்றால் 1.35 கிலோ.

எடை கூடிவிட்டது என்று தெரிந்ததும் மாணவர்கள் செய்யும் முதல் காரியம் துளை போடுவது. தகடு இட்லித் தட்டு மாதிரி ஆகிவிடும். பார்க்கவும் விமானத்து உதிரி பாகம் போலத் தோன்றும். ஆனால் 3 மில்லிமீட்டர் அலுமினியத்தில் 20 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் குறைவது இரண்டரை கிராம். நூறு துளை போட்டுக் கை ஓய்ந்த பிறகு மிச்சம் கால் கிலோ. 3க்குப் பதில் 2 மில்லிமீட்டர் தகடு வாங்கியிருந்தால் ஒரே தகட்டில் 675 கிராம் குறைந்திருக்கும், ஒரு துளைகூடப் போடாமல். எடை குறைப்பது டிரில் மெஷினில் நடக்கும் வேலை அல்ல. கடைக்குப் போவதற்கு முன் காகிதத்தில் நடக்கும் வேலை.

மூங்கில் கற்றுத்தருவது

இரும்பை விட்டு அலுமினியத்துக்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். அலுமினியம் எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரே அளவுக் குழாயை இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் போட்டால் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வளைவு கூடும். சட்டகம் வளைந்தால் அச்சுகள் கோணும், செயின் நழுவும், பேரிங் இறுகும். ரோபாட் நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கமாக இழுக்கும்.

விடை குழாயின் பருமனில் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு 1.44 கிலோ. அதே தடிமனில் 38 மில்லிமீட்டர் சதுர அலுமினியக் குழாய் மீட்டருக்கு 780 கிராம்தான். அதாவது ஏறக்குறைய பாதி எடை. ஆனால் வளைவைத் தாங்குவதில் இரும்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக விறைப்பு. உலோகம் நடு அச்சிலிருந்து விலகி நிற்க நிற்க அதன் பலம் பெருகுகிறது. இதைக் கண்டுபிடித்தது எந்தப் பொறியாளரும் அல்ல. சேஷாசலம் காட்டில் காற்றுக்கு ஆடும் மூங்கில் உள்ளே வெறுமையாகத்தான் இருக்கிறது.

சக்கரத்தைச் சுழற்றும் அச்சுக்கும் இதே நியாயம். 20 மில்லிமீட்டர் கெட்டியான இரும்பு அச்சின் நடுவில் 14 மில்லிமீட்டர் துளை குடைந்தால் எடையில் ஏறக்குறைய பாதி போய்விடும். முறுக்கைத் தாங்கும் திறனில் போவது கால் பங்குக்கும் குறைவு. பாதி எடைக்குக் கால் பலம் என்பது மோசமான வியாபாரம் இல்லை.

ஊரில் அலுமினியம் எங்கே கிடைக்கும்? ஜன்னல், கதவு செய்யும் கடையில். அந்தக் குழாய்கள் பெரும்பாலும் 6063 என்ற கலவை. கட்டட வேலைக்கென்றே உருவானது. பளபளப்பாக இருக்கும், பலம் மிதமானது. பலம் வேண்டும் என்றால் 6061 கேட்க வேண்டும். அது சென்னையிலோ பெங்களூரிலோதான் எளிதில் கிடைக்கும். ஆனால் ஜன்னல் கடைக் குழாயை இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. பாரம் எங்கே விழுகிறது என்று தெரிந்தவனுக்கு அதுவே போதும்.

ஒட்டுவதில்தான் எச்சரிக்கை வேண்டும். இரும்பை வெல்டிங் செய்யும் கையோடு அலுமினியத்தையும் வெல்டிங் செய்துவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. இந்த வகை அலுமினியம் தன் பலத்தைப் பெறுவது சூட்டுப் பதத்தில். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டு, பலத்தில் பெரும் பகுதி போய்விடும். மூலையில் முக்கோணத் தகடு வைத்து ரிவெட் அடிப்பதே மேல். ரிவெட் எடையும் குறைவு, பெட்டிக்குள் வைக்கக் கழற்ற வேண்டிய இடத்தில் மட்டும் போல்ட். ஒரு எம்-6 போல்ட்டும் நட்டும் சேர்ந்தால் சுமார் 10 கிராம். அற்பம் என்று தோன்றும். ஒரு ரோவரில் 150 போல்ட் சர்வ சாதாரணம், ஒன்றரைக் கிலோ.

சக்கரத்தின் கணக்கு

சட்டகத்தைவிட எடையை விழுங்குவது இயக்கும் பகுதி. மோட்டார், கியர், அச்சு, செயின், சக்கரம். இங்கேதான் எடை வட்டி போடுகிறது. 50 கிலோ ரோவர் 30 டிகிரி சரிவில் ஏற வேண்டுமானால் அதைக் கீழே இழுக்கும் விசை 25 கிலோ. ஆறு சக்கரமும் சமமாகப் பகிர்ந்தால் சக்கரத்துக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல். சக்கரத்தின் ஆரம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு மோட்டாரும் 52 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை தர வேண்டும். கடைக்காரர்கள் மோட்டார் விற்கும் கணக்கும் இதே கிலோ-சென்டிமீட்டர்தான். உண்மையில் சரிவில் பாரம் பின் சக்கரங்களுக்குச் சாயும், மண் புதையும். ஆகவே இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். ரோவர் 40 கிலோவாக இருந்தால் 52 என்பது 42 ஆகிவிடும். சிறிய மோட்டார் போதும். சிறிய மோட்டாருக்குச் சிறிய பேட்டரி போதும். சிறிய பேட்டரியைத் தாங்கச் சிறிய சட்டகம் போதும். எதிர்த்திசையிலும் இதே சங்கிலிதான். ஒரு கிலோ கூட்டினால் அது தன்னோடு உறவினர்களையும் அழைத்துவருகிறது.

எத்தனை சக்கரம் என்பது அடுத்த கேள்வி. வழவழப்பான தரையில் ஆடும் போட்டிகளில் நான்கு சக்கரம் போதும் என்று தோன்றும். ஆனால் நான்கு சக்கர ரோபாட் தொட்டியைப் போல ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தித் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்து முரண்டு பிடிக்கும். மோட்டாரின் பலமெல்லாம் அதிலேயே போகும். 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' பள்ளி மாணவர் போட்டிகளில் இதற்கு ஓர் எளிய தந்திரம் பரவியது. ஆறு சக்கரம் வைத்து, நடுச் சக்கரங்களை மட்டும் 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்த்திவிடுவது. எந்த நேரமும் தரையில் பதிவது நான்குதான். அவை நெருக்கமாக இருப்பதால் ரோபாட் பம்பரம்போலத் திரும்பும். இரண்டு சக்கரம் கூடினாலும் ஸ்டியரிங் கருவி எதுவும் வேண்டாம்.

கரடுமுரடான நிலத்துக்கு இது செல்லாது. அங்கே எல்லாரும் போய்ச் சேரும் இடம் 'ராக்கர்-போகி'. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் 1980களின் இறுதியில் உருவானது. 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் என்ற சின்ன ரோவர் அதை முதன்முதலில் வேற்றுக் கிரகத்தில் ஓட்டிக் காட்டியது. ஒவ்வொரு பக்கமும் மூன்று சக்கரங்கள். இரண்டை ஒரு சிறிய கை இணைக்கிறது. அந்தக் கையையும் மூன்றாவது சக்கரத்தையும் ஒரு பெரிய கை இணைக்கிறது. ஸ்பிரிங் கிடையாது. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது மற்றவை தரையை விடாமல் பிடித்து அதைத் தள்ளிவிடும். இரு பக்கக் கைகளையும் உடலின் குறுக்கே ஒரு இணைப்பு சேர்த்துவைப்பதால், ஒரு பக்கம் எவ்வளவு எழுந்தாலும் உடல் அதில் பாதிதான் சாயும். வயலில் உழும்போது குண்டும் குழியுமான தரையிலும் நிலைகுலையாமல் போகும் ஏர் மாடுகளின் முதுகைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

பிரக்யானும் இதே வகை. ஆனால் அதில் கவனிக்க வேண்டியது இருப்பதை அல்ல, இல்லாததை. சோஜர்னரில் ஓட்டுவதற்கு ஆறு மோட்டார் போக, மூலைச் சக்கரங்களைத் திருப்ப இன்னும் நான்கு மோட்டார்கள் இருந்தன. பிரக்யானில் சக்கரத்தைத் திருப்பும் மோட்டாரே கிடையாது. இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழற்றியே அது திரும்பியது. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற ஆமை வேகத்தில் போகும் வண்டிக்கு அது போதும் என்று தீர்மானித்தார்கள். சேர்க்காமல் விட்ட பாகத்துக்கு எடை இல்லை, மின்சாரம் வேண்டாம், பழுதும் ஆகாது.

2019இல் சந்திரயான்-2 நிலவில் மோதியபோது அதிலிருந்த 27 கிலோ ரோவர் ஓர் அங்குலம்கூட உருளவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யான் வெளியே வந்து நகர்ந்தது. 27ஆம் தேதி 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று எதிர்ப்பட, திரும்பி வந்த வழியே போகச் சொன்னார்கள். போயிற்று. செப்டம்பர் 2ஆம் தேதிக்குள் 100 மீட்டரைத் தாண்டிவிட்டுத் தூங்கப்போனது.

நாமக்கல் மண், கரகம்பாடி பேட்டரி

பிரக்யானின் சக்கரங்கள் முதலில் உருண்டு பழகியது நாமக்கல் மண்ணில். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலத்து மண்ணை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை அதைக் கண்டறிந்து கொடுக்க, சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் அதில் வைத்துச் சோதித்தார்கள்.

கல்லூரி ஆய்வுக்கூடத்து மொசைக் தரையில் ரோவரை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். திருப்பதிக்காரர்களுக்குச் சுவர்ணமுகி ஆறு இருக்கிறது. ஆண்டில் பல மாதம் அதில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். சித்தூர்க்காரர்களுக்குக் குவாரிக் கற்குவியல்கள் இருக்கின்றன. மணலில் ஓட்டினால் ஐந்தாவது நிமிடத்தில் செயினுக்குள் மணல் புகும். எந்த மோட்டார் சூடேறுகிறது என்பது கைவைத்தால் தெரியும். காகிதத்தில் தெரியாத பலவீனம் கல்லில் தெரியும். அப்படித் தெரிந்த இடத்தில் மட்டும் தகடு சேர்ப்பதற்கும், எல்லா இடத்திலும் முன்கூட்டியே சேர்த்துவைப்பதற்கும் 10 கிலோ வித்தியாசம்.

பேட்டரி விஷயத்தில் இந்த வட்டாரத்துக்குச் சொந்தப் பெருமை உண்டு. அமரான் பேட்டரி தயாரிக்கும் அமர ராஜா நிறுவனம் 1985இல் தொடங்கியது. அதன் தாய்வீடு திருப்பதிக்கு அருகிலுள்ள கரகம்பாடி. ஆனால் ஈய-அமில பேட்டரி காருக்குத்தான் சரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதே மின்சக்தியை லித்தியம் பாலிமர் பேட்டரி 600 கிராமில் தந்துவிடுகிறது. கொஞ்சம் கோபக்காரப் பேட்டரி. குத்துப்பட்டாலோ, அளவு மீறிச் சார்ஜ் ஏற்றினாலோ தீப்பிடிக்கும். 100 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவே கம்பெனியின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணியோடு போகவே முடியாது. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் குழுக்கள் பெரிய பேட்டரி ஒன்றுக்குப் பதில் சிறியவை சிலவற்றைத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். எந்த பேட்டரியானாலும் அதன் இடம் சட்டகத்தின் நடுவில், அடியில். மேலே வைத்தால் சரிவில் ரோவர் குட்டிக்கரணம் அடிக்கும்.

பணம் இல்லாமல் இது எதுவும் நடக்காது என்பது உண்மை. நல்ல கியர் மோட்டார்கள் ஆறு வாங்குவதற்குள் ஒரு குழுவின் கைப்பணம் கரைந்துவிடும். சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கும் இரவுப் பேருந்தில் போய்வரும் செலவு தனி. பெரிய கல்விக்கூடங்களில் பழைய மாணவர்களும் கம்பெனிகளும் கொடுக்கிறார்கள். சிறிய ஊர்க் கல்லூரிகளில் மாணவர்களின் பெற்றோர்தான் 'ஸ்பான்சர்'. ஆனால் எடைக் கணக்கில் பணக்காரக் குழுவுக்கு ஒரே ஒரு வசதிதான் அதிகம்: கார்பன் ஃபைபர் வாங்கலாம். அதுவும் எங்கே பாரம் விழுகிறது என்று தெரியாதவன் கையில் விலை உயர்ந்த 'எதற்கும் இருக்கட்டும்' ஆகிவிடும்.

சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் பி. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, பொறியியல் கல்லூரி, திருச்சி, சென்னை ஐ.ஐ.டி. என்று ஏறிப் போனவர். அரம் பிடித்த கையும் கணக்குப் போட்ட கையும் ஒன்றாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவரைவிட அருகில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அனுபவமுள்ள குழுக்கள் ஒரு துண்டு உலோகத்தை வெட்டுவதற்கு முன்பே எடைக்குப் பட்ஜெட் போட்டுச் சுவரில் ஒட்டிவைக்கின்றன. சட்டகத்துக்கு 10, சக்கரமும் மோட்டாரும் 15, கைக்கு 9, பேட்டரியும் மின்பகுதியும் 8, கையிருப்பு 8 என்று, அவரவர் வசதிக்கு. கல்யாணச் செலவுப் பட்டியல் போலத்தான் இதுவும். பெரிய செலவுகள் சொன்னபடி நிற்கும். 'இதர செலவுகள்' என்று கடைசியில் எழுதிய வரிதான் ஆளைக் கவிழ்க்கும். ரோவரில் அந்த வரியின் பெயர் வயர். அளந்து வெட்டாமல் சுருட்டிச் செருகிய தாமிர வயர் ஒன்றிரண்டு கிலோவைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிடும்.

பட்ஜெட் போட்டால் போதாது, நிறுத்துப் பார்க்கவும் வேண்டும். செய்யச் செய்ய, வாரம் ஒரு முறை. போட்டி நாளன்று முதல் முறையாகத் தராசில் ஏற்றும் குழுக்கள் இப்போதும் இருக்கின்றன. இதற்கென்று கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. சித்தூர் வெல்ல மண்டியில் 50 கிலோவை நிறுக்கும் தராசுக்கா பஞ்சம்?